காலமான நண்பர் நினைவாக ஒரு நாட்டுப்புற இசை இரவு: எப்போது, எப்படி? அவர் விட்டுப்போன கேசட்டுகளை என்ன செய்வது?

கரிசல்மண் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம், பறை என்று நேரடி நிகழ்ச்சிகளை நடத்திக்கொண்டிருந்த நண்பர் போன ஆடியில் காலமானார். மேடை ஏறாத மனிதர். ஊர்ப் பெரியவர்களிடம் பேசி இடம் வாங்குவது, ஆட்டக்காரர்களுக்கு வேன் பிடிப்பது, சோறு, சம்பளம் எல்லாம் அவர் பொறுப்பு. ட்ராக் போட்டுப் பாடக் கூடாது, சினிமாப் பாட்டு கூடாது, அடியும் ஊதலும் நம் கண் முன்னால் நடக்க வேண்டும் என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

ஆண்டு நினைவுக்கு இரங்கல் கூட்டம் போடாமல், அவர் நடத்தியது போலவே ஒரு இரவு நடத்தலாம் என்று நண்பர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். இடம் பள்ளித் திடல், 300 பேர் வரலாம். திதி ஆடியில் வருகிறது, அன்றைக்கே வைப்பதா? எத்தனை குழு கூப்பிடலாம்? மைக்செட் எப்படி இருக்க வேண்டும்? பறைக் குழுவை நினைவு நிகழ்ச்சிக்கு அழைப்பதில் யாருக்கும் மனவருத்தம் வருமா?

அவர் பதிவு செய்த கேசட்டுகள் சுமார் 140 இருக்கின்றன. சின்ன வீடியோ கேமரா டேப்புகள் பத்துப் பன்னிரண்டு. சில பெட்டிகளில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறது. இவற்றை எங்கிருந்து தொடங்குவது?

தெற்குச்சீமை பதில்:

அண்ணாச்சி, ஆடியை விட்டுவிடுங்கள். திதியை வீட்டில் அன்றைக்கே கும்பிடட்டும், இசை இரவு வேறு நாளில் இருக்கட்டும். ஆடியும் ஆவணியும் நம் பக்கம் கோயில் கொடை விழா நடக்கும் காலம். நல்ல குழுக்கள் பல மாதம் முன்பே அட்வான்ஸ் வாங்கியிருப்பார்கள். வற்புறுத்திக் கூப்பிட்டால் வருவார்கள், ஆனால் பாதிக் குழுதான் வரும். வில்லுப்பாட்டில் கதை பாடும் புலவர் கொடைக்குப் போய்விட்டு, பின்பாட்டுக்காரரை முன்னால் உட்கார வைத்து அனுப்புவார். நண்பருக்குச் செய்கிற மரியாதை அது அல்ல.

என் யோசனை புரட்டாசி அமாவாசைக்கு முந்தைய மகாளய பட்சம். அந்தப் பதினைந்து நாளில் கொடை, கல்யாணம் எதுவும் வைக்க மாட்டார்கள் என்பதால் கலைஞர்கள் ஓய்வாக இருப்பார்கள். முன்னோரை நினைக்கிற நாட்களும் அவைதான். அமாவாசை தாண்டினால் குலசேகரன்பட்டினம் தசரா வந்துவிடும். தசராக் குழுக்கள் மேளக்காரர்களையும் கரகாட்டக்காரர்களையும் பத்து நாளைக்கு மொத்தமாகப் பேசிக்கொண்டு போய்விடுவார்கள், பிறகு ஒருவரும் கிடைக்க மாட்டார். புரட்டாசியில் சாயங்கால இடிமழைக்கு வாய்ப்பு உண்டு. பள்ளியில் கூரை போட்ட வராண்டாவோ கூடமோ ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிழமை ஞாயிறு நல்லது.

குழு மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவது வந்தால் எல்லோருடைய நேரத்தையும் வெட்ட வேண்டி வரும், முதலில் வெட்டுப்படுவது வில்லுப்பாட்டுத்தான். கொடையில் கதை விடிய விடியப் போகும். உங்களிடம் இருப்பது ஒன்றரை மணி நேரம். தொடக்கப் பகுதிகளைக் காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் என்று முறைப்படி பாடிப் போனால் கதைக்குள் நுழையவே முக்கால் மணி ஆகிவிடும். அதனால் எந்தக் கதை, அதில் எந்தக் கட்டம் என்று புலவரிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். முன்பகுதி ஒவ்வொன்றும் ஒரு பாட்டோடு நிற்கட்டும் என்றால் அவரே அழகாகச் சுருக்கித் தருவார். மேடையில் உட்கார்ந்த பிறகு துண்டுச் சீட்டு நீட்டி "சீக்கிரம் முடிங்க" என்று சொல்வதைப் போல அவமானம் வேறில்லை.

கணியான் கூத்து வைப்பதானால் குழுத் தலைவரான அண்ணாவியிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். அது சுடலைமாடன் கோயில் சடங்கோடு ஒட்டிய கலை. கோயில் இல்லாத இடத்தில் மகுடம் என்ற தோல்கருவிக்கு ஆடும் மகுடாட்டமும் கதையும் மட்டும் நடத்தச் சம்மதமா என்பது அவர் சொல்ல வேண்டியது.

வரிசையில் பலரும் தவறு செய்கிறார்கள். நையாண்டி மேளத்தை முதலில் விட்டால், அந்தச் சத்தத்துக்குப் பழகிய காதுக்குக் குடமும் உடுக்கையும் கேட்காது, கதை எடுபடாது. 6 மணிக்குப் பறை 40 நிமிடம், 7 மணிக்கு வில்லு, 8.45க்கு நையாண்டி மேளமும் கரகமும், 9.45க்கு முடிவு. பேச்சு எல்லாம் சேர்த்து 15 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அதையும் பறை முடிந்து வில்லுக்காரர்கள் உட்காரும் இடைவெளியில் முடித்துவிடுங்கள்.

சம்பளம்: எத்தனை பேர் வருகிறார்கள், என்னென்ன வாத்தியம் என்று தாளில் எழுதிப் பேசுங்கள். நையாண்டி மேளம் என்றால் 2 நாகசுரம், 2 தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று ஒவ்வொன்றாக. எழுதாவிட்டால் ஒரு நாகசுரம் குறையும். பாதி அட்வான்ஸ், மீதி ஆட்டம் முடிந்த கையோடு ரொக்கமாக. தலைவர் வேனில் ஏறும் முன்பே ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பார் என்பதால் சில்லறையாகவே கொண்டுபோங்கள். "நாளைக்கு அக்கவுண்டில் போடுகிறோம்" என்றால் அவர் தன் கைக்காசைப் போட வேண்டி வரும். வண்டிச் செலவு தனி. பொன்னாடை போடுவது உங்கள் விருப்பம், அதைச் சம்பளத்தில் சேர்க்காதீர்கள்.

4.30க்கு இட்லியோ உப்புமாவோ போதும். வயிறு நிறைந்தால் ஊதவும் முடியாது, கரகம் எடுத்துச் சுற்றவும் முடியாது. முழுச் சாப்பாடு ஆட்டம் முடிந்த பிறகு. ஆடும் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள அறை, கண்ணாடி, நல்ல விளக்கு, பக்கத்திலேயே கழிப்பறை கட்டாயம் வேண்டும். கரகம் ஆடும் தரையில் சிறு கல் இல்லாமல் பெருக்கித் தண்ணீர் தெளியுங்கள். கார்ப்பெட் விரிக்காதீர்கள், சலங்கை அதில் மாட்டும்.

மைக்செட் பதில்:

ஒலி பற்றி. திறந்த திடலில் 300 பேருக்குப் பறைக்கும் நையாண்டி மேளத்துக்கும் மைக்கே வேண்டாம். உங்கள் நண்பருக்கும் அதுதான் பிடித்திருக்கும். மைக் தேவைப்படுவது வில்லுப்பாட்டுக்கும் அறிவிப்புக்கும்தான்.

வில்லுக்கு நான்கு மைக் போதும்: புலவர், பின்பாட்டு, உடுக்கை, குடம். வில்லுக்குத் தனி மைக் வைத்தால் மணிச் சத்தம் கதையை மூடிவிடும். புலவரின் மைக்கிலேயே அது தாராளமாக விழும். குடத்து மைக்கை வாய்க்கு நேர் மேலே வைக்காதீர்கள். குடத்தின் வாயில் அடிக்கும் மட்டையான பத்தி விழும்போது வாய் வழியாகக் காற்று தள்ளும், அது ஸ்பீக்கரில் டப் டப் என்று வெடிக்கும். ஒரு சாண் தள்ளி, சாய்வாக, வாயின் ஓரத்தைப் பார்க்க வையுங்கள். மிக்சரில் மற்ற மைக்குகளுக்கு, கனத்த அடிச்சத்தத்தை வெட்டும் லோ கட் போடலாம், குடத்துக்கு மட்டும் போடக் கூடாது. போட்டால் மண்பானை தகர டப்பா ஆகிவிடும்.

மேடை ஓர் அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. பலகை அடித்த மேடை என்றால் வில் நாணைத் தட்டும் வீசுகோலின் அடி ஒவ்வொன்றும் பலகை வழியாக மைக் ஸ்டாண்டுக்கு ஏறும். ஸ்டாண்டுக்கு அடியில் சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள், நின்றுவிடும்.

குழாய் ஸ்பீக்கர் வேண்டாம். இரண்டு பெட்டி ஸ்பீக்கர், 8 அடி உயரத்தில், மைக்குகளுக்கு முன்னால் வரும்படி நிறுத்துங்கள். பின்னால் போனால் கூவும். மைக்செட்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது எக்கோவை அணைக்கச் சொல்வது. பழக்கத்தில் போட்டு வைத்திருப்பார்கள். உடுக்கையின் வேகச் சொற்கட்டு எக்கோவில் குழைந்து கஞ்சியாகிவிடும். ஜெனரேட்டர் வைத்தால் 100 அடியாவது தள்ளி, கட்டடத்துக்குப் பின்னால்.

நாகசுரக்காரர் மைக் கேட்டால் மறுக்காதீர்கள், ஆனால் நாகசுரத்தின் விரிந்த அடிவாயான அணசுக்குள் நுழைக்காமல் 3 அடி தள்ளி நெஞ்சு உயரத்தில் வையுங்கள். அவர் அசைந்து ஊதுகிறவர். பக்கத்தில் வைத்தால் ஒரு சுரம் காதைக் கிழிக்கும், அடுத்த சுரம் காணாமல் போகும்.

பறை காய்ச்சும் இடத்தை மறந்துவிடாதீர்கள். பந்தல் துணியிலிருந்து 30 அடியாவது தள்ளி, காற்று கூட்டத்தை நோக்கி வீசாத பக்கம், பக்கத்தில் இரண்டு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும். வைக்கோலோ காய்ந்த பனையோலையோ குழுவினரே கேட்பார்கள், இரண்டு கட்டு தயாராக இருக்கட்டும். தோல் ஈரத்தை இழுத்தால் தொய்ந்து சுருதி இறங்கும், சூடு காட்டினால் ஈரம் போய் விறைக்கும். ஒரே இடத்தில் பிடித்தால் தோல் கருகிக் கீறும். விளிம்பில் சூடு அதிகமானால் புளியங்கொட்டைப் பசை விட்டுக்கொடுக்கும். அதனால் சுழற்றிச் சுழற்றிக் காட்டி, விரலால் தட்டிப் பார்ப்பார்கள். மழை ஈரம் உள்ள நாளில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இந்த வேலை உண்டு. நிகழ்ச்சி நிரலில் அதற்கு 5 நிமிடம் விடுங்கள், கூட்டமும் அதை ரசித்துப் பார்க்கும். இப்போது பல குழுக்கள் போல்ட் முடுக்கும் ஃபைபர் பறை கொண்டு வருகிறார்கள். நெருப்புத் தேவையில்லை, மழைக்கும் அஞ்சாது. ஆனால் தோலின் அடிநாதம் அதில் இல்லை. தோல்பறைதான் வேண்டும் என்றால் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

இந்த இரவைப் பதிவு செய்வீர்கள்தானே? மிக்சரிலிருந்து ஒயர் இழுத்து மட்டும் பதிவு செய்தால் மேளமும் பறையும் அதில் இருக்காது, ஏனென்றால் அவற்றுக்கு மைக் இல்லை. கையடக்க ரெக்கார்டர் ஒன்றை மேடைக்கு 12 அடி முன்னால், 7 அடி உயர ஸ்டாண்டில் வையுங்கள். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவில் தனி எடுக்கும்போது திடீரென்று ஏறும். ஆட்டோ லெவல் கூடவே கூடாது. ஒவ்வொரு தவில் அடிக்கும் நாகசுரம் அமுங்கி எழும்பும்.

ஊர்ப்பொது பதில்:

அனுமதி பற்றிச் சுருக்கமாக. பள்ளித் திடல் என்றால் தலைமையாசிரியரின் வாய்ச்சொல் போதாது, நிர்வாகத்திடமோ கல்வி அலுவலகத்திடமோ எழுத்தில் வாங்குங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் மனு, 15 நாள் முன்பே. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம், அது பண்டிகைகளுக்கானது, அதை நம்பி நேரம் போடாதீர்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அரசு அறிவித்த இடத்தில் திடல் இருந்தால் இடத்தையே மாற்ற வேண்டும், உங்களுடையது பள்ளித் திடல் என்பதால் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். மைக் இல்லாத மேளத்துக்கு ஒலிபெருக்கி அனுமதி வேண்டியதில்லை என்று சிலர் சொல்வார்கள். அதே விதிகள் இரவு 10க்குப் பிறகு திறந்தவெளியில் வாத்தியம் வாசிப்பதையும் தடுக்கின்றன. 9.45 சரியான நேரம்.

கரிசல்மண்:

மூவருக்கும் நன்றி. மகாளய பட்சம் எங்களுக்குத் தோன்றவே இல்லை, அதையே வைக்கிறோம். பறை பற்றிக் கேட்டதற்கும் கேசட்டுக்கும் யாராவது சொல்லுங்கள். ஒப்பாரி பாடும் பெண்கள் இரண்டு பேரை அழைக்கலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது.

அடிக்குச்சி பதில்:

பறை பற்றி. சாவுக்கு அடிப்பது விரும்பிச் செய்த தொழிலாக இருக்கவில்லை, சாதியால் சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. அதனால் இனிச் சாவுக்கு அடிப்பதில்லை என்று உறுதி எடுத்த குழுக்கள் நிறைய உண்டு. அடிக்கிற குழுக்களும் உண்டு. ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள். "நண்பர் நினைவாக இசை இரவு, பறைதான் முதல் நிகழ்ச்சி, 40 நிமிடம், மேடைக்கு முன்னால் ஆட்டத்தோடு" என்று தெளிவாகச் சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். தவறு எங்கே நடக்கும் என்றால், வந்த இடத்தில் "படத்துக்கு மாலை போடும்போது கொஞ்சம் அடிங்க", "வாசலில் நின்று ஆட்களை வரவேற்று அடிங்க" என்று கேட்பதில்தான். அப்படிக் கேட்ட கணமே கலைஞரை மறுபடி ஊழியக்காரர் ஆக்கிவிடுகிறீர்கள். படத்துக்கு மாலை போடுவதை நிகழ்ச்சிக்கு முன்பே அமைதியாக முடித்துக்கொள்ளுங்கள்.

அழைப்பிதழில் எல்லாக் குழுத் தலைவர்கள் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும். நாற்காலி, பந்தி, டம்ளர் எல்லாருக்கும் ஒன்று. இதைச் சொல்ல வேண்டியிருப்பது வேதனைதான், ஆனால் சொல்லாத இடத்தில் பிசகு நடக்கிறது. ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவது, தரையில் வீசுவது வேண்டாம் என்று தொடக்கத்திலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள். கரகம் ஆடும் பெண்களுக்கும் இது காப்பு.

ஒப்பாரியை நிகழ்ச்சியாக வைக்காதீர்கள். பாடுகிறவளின் சொந்தத் துக்கம் ஊறித்தான் அது வரும். மைக் முன்னால் 10 நிமிடம் அழச் சொன்னால் பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் கூச்சம். நண்பர் வீட்டுப் பெண்களோ அவரோடு பழகிய கலைஞர்களோ தாமாக விரும்பினால், திடலுக்கு ஆட்கள் வரும் முன் தரையில் உட்கார்ந்து, மைக் இல்லாமல், ரெக்கார்டர் இல்லாமல் பாடட்டும்.

அவரைப் பற்றிப் பாட்டு வேண்டும் என்றால் அதற்கு வில்லுப்பாட்டிலேயே இடம் இருக்கிறது. கடைசியில் வாழ்த்துப் பகுதியான வாழி பாடும்போது புலவர் நான்கு அடி சேர்ப்பார். இரண்டு வாரம் முன்பே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். "கலைக்கு வாழ்ந்தவர்" போன்ற வார்த்தைகளால் புலவருக்கு உபயோகமில்லை. நண்பர் எந்தெந்த ஊரில் நடத்தினார், எந்த வண்டி ஓட்டினார், பையில் என்ன இருக்கும், கலைஞர்களை எப்படிக் கூப்பிடுவார் என்று எழுதுங்கள். ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தால் போதும், புலவர் அதை எதுகையில் கட்டிவிடுவார்.

நாடாப்பெட்டி பதில்:

கேசட்டுக்கு வருகிறேன். இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாவல்களையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாது.

பிறகு மூன்றாகப் பிரியுங்கள். நல்லவை, பூஞ்சை உள்ளவை, உடைந்தவை. சன்னல் வழியாக நாடாச் சுற்றின் மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதை ஓட்டவே வேண்டாம். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், மூச்சுக்கும் கெடுதி. முகக்கவசம் போட்டு எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனித்தனி ஜிப் கவரில் மூடி, தெரிந்தவர் கையில் கொடுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், நாடா நெளிந்துவிடும். அட்டையில் மட்டும் பூஞ்சை, நாடா சுத்தம் என்றால் பயமில்லை, வேறு பெட்டிக்கு மாற்றுங்கள்.

உடைந்தவற்றில் பெரும்பாலும் நாடா நன்றாகத்தான் இருக்கும். நடுவில் உள்ள சின்னப் பஞ்சு உதிர்ந்திருக்கும். அது நாடாவை ஹெட்டோடு அழுத்துவது, இல்லாவிட்டால் ஒலி மங்கிப் போய்ப் போய் வரும். ஐந்து திருகு உள்ள வேறு கேசட்டைத் திறந்து, இந்த நாடாச் சுற்றுகளை அதற்குள் மாற்றினால் சரியாகிவிடும். 90 நிமிட நாடா 60 நிமிட நாடாவைவிட மெல்லியது, 120 நிமிடம் அதைவிடவும். அவற்றை அடிக்கடி முன்னும் பின்னும் ஓட்டாதீர்கள்.

யூஎஸ்பி ஒயரோடு வரும் மலிவான பிளேயர் வேண்டாம், மோட்டார் தள்ளாடி நாகசுரம் அழும். பழைய கேசட் டெக் ஒன்றை பெல்ட் மாற்றி எடுங்கள், ஒலியை ஒயர் வழியாக வெளியே எடுக்கும் லைன் அவுட் இருக்க வேண்டும். ஐந்து கேசட்டுக்கு ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஹெட்டையும் நாடாவை இழுக்கும் இரும்புக் கம்பியையும் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு இளஞ்சோப்புத் தண்ணீர் போதும். ஒவ்வொரு கேசட்டையும் முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு வாசியுங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்த சுற்று இளகும்.

தாளச் சத்தமும் வீசுகோல் மணியும் மந்தமாகக் கேட்டால் நாடா தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பதிவு செய்த கருவியின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒத்துப்போகாததுதான் காரணமாக இருக்கும். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறு திருகு உண்டு. ஓடும்போதே காந்தமில்லாத மெல்லிய திருப்புளியால் கால் சுற்றுக்குள் திருப்பிப் பாருங்கள், மணி எங்கே துலக்கமாக ஒலிக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். வேகத்தையும் சரிபார்க்கலாம். மின்சாரத்தில் ஓடிய ஆம்பிளிஃபயரின் ஊங்காரம் பல பதிவுகளில் இருக்கும். அது 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். கணினியில் பார்க்கும்போது 52இல் நின்றால் டேப் 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. 90 நிமிடக் கேசட் ஒன்று சுமார் 1.5 ஜிபி வரும், 140க்கும் 220 ஜிபிக்குள் அடங்கும். 500 ஜிபி டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பில் தொடாதீர்கள். குடத்தின் காற்றொலியையும் அது இரைச்சல் என்று எடுத்து எறிந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு கேசட் என்றால் 70 நாள் வேலை. அதற்கு மேல் ஓட்டினால் கவனம் தப்பும்.

கேமரா டேப் மினிடிவி என்றால் பழைய ஃபயர்வயர் ஒயர் வழியாகத்தான் எடுக்க வேண்டும். பல கேமராக்களில் யூஎஸ்பி வழியாக முழுத் தரம் வராது. ஒரு மணிக்கு 13 ஜிபி.

இணையத்தில் ஏற்றும் முன், பாடியவரிடம் சம்மதம் கேளுங்கள். நிகழ்த்துநர் உரிமை சட்டப்படி 50 ஆண்டு. காசு வராத பதிவுக்கும் அது பொருந்தும். பாடியவர் இல்லையென்றால் அவர் வீட்டாருக்கு முதல் பிரதி கொடுத்துவிட்டுக் கேளுங்கள். ஒரு பிரதியைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தில் சேர்க்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், உங்களுக்குப் பக்கம்.

கரிசல்மண்:

தாவல்களை இப்போதே உடைக்க ஆரம்பித்துவிட்டோம். ஒரு சந்தேகம். பல அட்டைகளில் ஊரும் தேதியும் இல்லை. "ரெண்டாம் நாள், மழை" என்று மட்டும் எழுதியிருக்கிறார். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாடாப்பெட்டி பதில்:

வில்லுப்பாட்டு என்றால் முதல் பத்து நிமிடத்தைக் கேளுங்கள். காப்பிலும் அவையடக்கத்திலும் ஊர்ப் பெயர், சாமி பெயர், குரு பெயர் வந்துவிடும், வாழியில் கொடை நடத்தியவர் பெயரும் வரும். மேளம் என்றால் இடையில் மைக்கில் சொல்லும் நன்கொடை அறிவிப்புகளைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் நினைவு இரவுக்கு வரும் கலைஞர்களிடம் ஐந்து நிமிடத் துண்டைப் போனில் போட்டுக் காட்டுங்கள். தவில்காரர் தன் கூட்டாளியின் கையை மூன்றாவது அடியில் சொல்லிவிடுவார். கண்டுபிடித்ததை அட்டையில் எழுதாமல் தனி நோட்டில், யார் சொன்னது என்பதோடு எழுதுங்கள்.

அட்டைகளை முன்னும் பின்னும் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிடுங்கள். நிகழ்ச்சி நடத்தியவர்கள் அட்டையின் பின்பக்கத்தில் அன்றைய வேன் வாடகையையும் ஆளுக்குக் கொடுத்த சம்பளத்தையும் குறித்து வைப்பது வழக்கம். "ரெண்டாம் நாள், மழை" அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பெயர்கள் அங்கே இருக்கலாம்.